பெயருக்குப் பக்கத்தில்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே சாரல். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து காட்டேஜில் மதுரைக்காரர்கள் ஒரு கூட்டம். எண்ணெய் வழிய வழிய அருவிக்குப் போகிறார்கள், பசியோடு வருகிறார்கள், சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போகிறார்கள். நான் ஆஸ்பத்திரி யூனிபார்மை மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டுவிட்டு அவர்களை வேடிக்கை பார்த்தேன்.

மோட்டார் போட வந்த வீட்டுக்காரர் நாறும்பூநாதன் அண்ணாச்சி, "சார் லீவுல எப்பம்மா வாராரு?" என்றார். நான் குடிவந்த நாளிலிருந்து விடாமல் கேட்கிறார். "வருவாரு அண்ணாச்சி" என்றேன்.

வர மாட்டார். இங்கிலாந்தில், லெஸ்டரில் நானும் கோமதிநாயகமும் சேர்ந்தே சம்மதம் சொல்லி, அங்குள்ள கோர்ட்டில் விவாகரத்து வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. அவருக்கு அங்கே இன்னொரு கல்யாணமும் ஆகிவிட்டது. எனக்கு மட்டும் இங்கே இன்னும் புருஷன் இருக்கிறார்.

ஜூன் 18, புதன்

தென்காசி கோர்ட். அரை நாள் காத்திருந்தேன், வேலை என்னவோ இரண்டு நிமிஷம்தான்.

இந்த வழக்கே பாஸ்போர்ட்டால் வந்தது. போன வருஷம் புதுப்பிக்கப் போனபோது, அவர் பெயரை எடுக்கச் சொல்லி இங்கிலாந்து உத்தரவை நீட்டினேன். "இது அந்த ஊரு பேப்பர் மேடம். இங்க செல்லும்னு நம்ம கோர்ட்டுல ஒரு உத்தரவு வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அப்படித்தான் கடையநல்லூர் வக்கீல் ஜாஹிரா பீவியிடம் போனேன். வெளிநாட்டுப் புருஷன்கள் விவகாரம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இன்றைக்கு என்னவென்றால், கோமதிநாயகத்துக்கு அனுப்பிய சம்மன் லெஸ்டரிலிருந்தும் திரும்பிவிட்டது, சங்கரன்கோவிலில் அவர் அப்பா வீட்டிலிருந்தும் திரும்பிவிட்டது. இனி தமிழ்ப் பேப்பரில் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். "அதுக்கும் அவரு வரலைன்னா, நீங்க கூண்டுல ஏறிச் சாட்சி சொன்னாப் போதும். ரெண்டு பேரும் சம்மதிச்சு வாங்கினது, பயப்படாதீங்க" என்றார் வக்கீலம்மா.

பேப்பரில் வந்தால் ஊருக்கே தெரியுமே. இதுவரை அம்மாவுக்கும் தம்பிக்கும் மட்டும்தானே தெரியும்?

ஜூன் 22, ஞாயிறு

மேலகரத்தில் அம்மா வீடு. தம்பி சுபாஷுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஆவணியில் முகூர்த்தம், பெண் பாவூர்சத்திரம், பெயர் இசக்கிப்ரியா. போலீஸ் உடுப்பிலேயே வந்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். இடுப்பில் தூக்கிச் சுமந்த பயல்.

"நீதானட்டி நாத்தனார். விளக்கப் பிடிச்சுக்கிட்டு, தாலிக்கு மத்த ரெண்டு முடிச்சையும் நீதான் போடணும்" என்றாள் அம்மா. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன் — இங்கே வந்ததிலிருந்து என்னை யாரும் எதற்கும் 'நீதான் வேணும்' என்று சொன்னதில்லை.

பிறகு பேப்பர் விஷயத்தைச் சொன்னேன். அம்மா முகம் மாறிவிட்டது. "கல்யாணம் முடியுத மட்டும் பொறு. புருஷனோட தீர்ந்தவன்னு தெரிஞ்சா உன் கையில யாருட்டி விளக்கைக் குடுப்பா?"

வாய்தா கேட்கச் சொல்லி வக்கீலம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

ஜூலை 20, ஞாயிறு

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. மஞ்சள் தடவிப் பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆயிற்று. கடைசியாக எனக்கு ஒன்று.

'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே முதல் வரி: திரு. கோமதிநாயகம் – திருமதி. உமாராணி (லண்டன்).

என்ன இது? என்னம்மா இது? யாரைக் கேட்டுப் போட்டா? அந்த மனுஷன் அங்க வேற ஒருத்தி கூட இருக்கான், இங்க இவரு நல்வரவை விரும்புதாராம்! லெஸ்டர்னு கூடச் சொல்லத் தெரியாது, எல்லாம் லண்டன்.

கேட்டதற்கு அம்மா, "உன் பேர மட்டும் போட்டா பக்கத்துல அவரு பேரு எங்கன்னு நாலு பேரு கேக்க மாட்டானா?" என்றாள். கோபம்கூட இல்லை அவளுக்கு. உப்புப் போட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னாள்.

ஜூலை 24, வியாழன்

வக்கீலம்மாவைக் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டாமா? பத்திரிகையை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதக் கோர்ட்டுக்கு யாரும் கொண்டு வரப் போறதில்லம்மா. அது கெடக்கு. ஆனா நீங்க கூண்டுல ஏறி, எனக்கும் அவருக்கும் ஒண்ணும் இல்லன்னு சத்தியம் பண்ணப் போறீங்க. அதுக்கு முன்னால அவரு பொண்டாட்டியா மேடையில நிக்கணுமா? நான் சொல்ல ஒண்ணுமில்ல. உங்க இஷ்டம்."

மறுபடியும் வாய்தா கேட்பதா, பேப்பரில் நோட்டீஸ் போடுவதா என்பதை நாளைக்குள் சொல்ல வேண்டும்.

ஒரு பக்கம் தம்பியின் முடிச்சு. எத்தனை தரம் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன்! இன்னொரு பக்கம்? ஒரு கோர்ட் தாள். ஆனால் நான் பிறந்த மண்ணில் என்னைப் பற்றி ஒரு இடத்திலாவது உண்மை எழுதியிருக்க வேண்டாமா? 'வருவாரு, வருவாரு' என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கசக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

நோட்டீஸ் போடச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வந்துவிட்டது. ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நிலம் விற்பனைக்கும் நடுவில், என் பெயர், அவர் பெயர், அவர் அப்பா பெயர், விவாகரத்து என்ற வார்த்தை.

நாறும்பூநாதன் அண்ணாச்சி மோட்டார் போட வந்தார். போட்டார். போய்விட்டார். ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டால் எரிச்சலாக இருக்கும் என்றுதானே இவ்வளவு நாளும் நினைத்தேன்? இன்றைக்குக் கேட்காமல் போனது அதைவிட மோசமாக இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சுபாஷ் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"எக்கா, பொண்ணு வீட்டுல பேப்பரப் பாத்திருக்காவ. சித்தப்பா மக கனகாவை முடிச்சு போடச் சொல்லுதாவ. நான் என்னக்கா செய்ய?"

"போடட்டும்லே" என்றேன்.

"வருத்தமில்லையே?"

"இல்லலே. காப்பி குடிச்சிட்டுப் போ."

குடிக்காமலே போனான். ஒரு வார்த்தை எனக்காகச் சண்டை போட்டிருக்கலாம். நான்தான் போடட்டும் என்றேன், சரி. இருந்தாலும் போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம் முடிந்தது. பந்திக்குப் போகும் வழியோரம் உட்கார்ந்திருந்தேன். கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. இடுக்கில் கனகாவின் வளையல் கை மட்டும் தெரிந்தது. நன்றாகத்தான் போட்டாள். நல்ல பெண் அவள், அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அட்சதையை நான் போட்டது முன்வரிசை மாமாவின் தலையில் விழுந்தது.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டுக்குக்கூடக் கூப்பிடவில்லை. இப்போது ஊருக்கெல்லாம் தெரியும், அப்புறமும் "மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலை" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்!

சாயங்காலம் மெயினருவியில் போய்த் தலையைக் கொடுத்தால் அழுவது யாருக்கும் தெரியாது என்று போனேன். தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை என்று விரட்டினார்கள். திரும்பி வந்து குழாயடியில் குளித்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கேட்டு வாங்கி டியூட்டி பார்த்தேன்.

நவம்பர் 19, புதன்

அவர் வரவில்லை. கூண்டில் ஏறினேன். "இப்ப யாரு கூட இருக்கீங்க?" என்று நீதிபதி கேட்டார். "தனியா" என்றேன். சும்மா விவரம் கேட்டார், நானும் விவரம்தான் சொன்னேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

செல்லும் என்று தீர்ப்பு. லெஸ்டரில் தீர்ந்தது இங்கேயும் தீர்ந்தது.

"ஸ்வீட் வாங்கிட்டுப் போங்கம்மா" என்றார் வக்கீலம்மா. அல்வா வாங்கினேன். யாரிடம் நீட்டி என்னவென்று சொல்வது? ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "சரி. சாப்பிட்டியா?" என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 26, வியாழன்

இசக்கிப்ரியாவுக்குச் சித்திரையில் வளைகாப்பு. பத்திரிகை அடிக்க வேண்டும், எழுத்துப் பிழை பார்க்கக் கூட வா என்று அம்மா கூப்பிட்டிருந்தாள். தென்காசியில் அதே பிரஸ். பிரஸ்காரர் கல்யாணப் பத்திரிகையைத் திரையில் திறந்தார்.

"பழசே இருக்கு ஆச்சி. கீழ உள்ள பேரெல்லாம் அப்படியே வச்சிருதேன்."

கோமதிநாயகம் – உமாராணி (லண்டன்). நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதுல ஒரு பேர எடுத்துருங்க" என்றாள் அம்மா.

"எத ஆச்சி?"

"மாப்பிள்ளை பேர. அது தீர்ந்து போச்சு. கோர்ட்டுலயே சொல்லியாச்சு."

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒத்தப் பேரு மட்டும்னா வரி சின்னதாத் தெரியுமே?"

"தெரியட்டும். லண்டனையும் எடுத்துருங்க. அவ இங்கனதான இருக்கா? குற்றாலம்னு போடுங்க."

கோர்ட்டில் வராத அழுகை அங்கே வந்துவிட்டது. அம்மா முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையைத் தேடுகிறவள் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரஸ்காரர் ப்ரூஃப் எடுத்து நீட்டினார். முதல் வரியில், உமாராணி, குற்றாலம். இரண்டு தரம் படித்தேன். தப்பில்லை என்று கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.