ஈரச் சாக்கு

கணபதி, கோயம்புத்தூர்
14.3.1996

ஏனுங்க,

நேற்று நீங்கள் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது தாராபுரத்தில், அமராவதி ஆற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கினோமே, நினைவிருக்கிறதா? சாக்கைப் பஸ்ஸில் ஏற்றியதும் கண்டக்டர், "ஏனுங்க, உள்ள என்னங்க?" என்றார். "மட்டிங்க, உசுரோட இருக்குதுங்க. மிதிச்சுப்போடாதீங்க" என்றீர்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கோயம்புத்தூர் வரும்வரை சாக்கின்மேல் தெளித்துக்கொண்டே வந்தீர்கள். எனக்குத் தொண்டை வறண்டது. இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

திறந்திருக்கும் மட்டியைத் தட்டினால், உயிர் இருந்தால் சட்டென்று மூடிக்கொள்ளும் என்று காட்டித் தந்ததும் நீங்கள்தான்.

போன மாதம் அதே அமராவதி மட்டிகளை வலைப்பைகளில் போட்டு நொய்யல் ஆற்றில் கட்டினேன். இப்போது நீங்கள் நடத்தும் நம் சாயப்பட்டறைக்கு மேலே, ஆறு வரும் பக்கம் கட்டியவை உயிரோடு இருக்கின்றன. பட்டறைத் தண்ணீர் கலக்கும் இடத்தில் கட்டியவற்றை இன்று எடுத்தேன். எல்லாம் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்றுகூட மூடவில்லை.

ஆற்று மாசு பற்றிய என் அறிக்கையில் பட்டறையின் பெயர் வேண்டாம் என்றீர்கள். பெயரை எழுதிவிட்டேன்.

செத்தவற்றைச் சாக்கில் போட்டு பஸ்ஸில்தான் கொண்டுவந்தேன். தெளிக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டில் தண்ணீர் முழுவதையும் நானே குடித்தேன்.

உங்கள் அம்மணி