பாசம் பிடித்த தொட்டி

மார்ச் 4, புதன்

பல்செட் செய்யும் கூடத்தில் இன்று முழுக்க யாரோ ஒருவரின் கீழ்த்தாடை. மெழுகில் பல் பதித்துப் பதித்துக் கண் எரிகிறது. வீட்டுக்கு வந்தால் மீன்தொட்டிப் பாறையில் பச்சையாக முடி முளைத்திருக்கிறது. போன வாரம் வெறும் தூசிபோலத்தான் இருந்தது.

தம்பி போன் செய்தான். கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்கு வாடகைக்குப் போனதிலிருந்து அவன் கேட்பது மீன்களைப் பற்றித்தான். அந்த வீட்டுக்காரர் தொட்டியே கூடாது என்றுவிட்டதால் அவன் வளர்த்த குட்டிக் கடல் என் வீட்டு முன்னறையில் இருக்கிறது.

"என்ன விஷயம்?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தேன். எனக்கு வேறு மாதிரி போன் எடுக்கத் தெரியாது. பச்சை முடியைச் சொன்னேன்.

"பாசம் புடிச்சிருச்சாக்கா? சரி, ஞாயித்துக்கிழமை வரேன்."

கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் வரப்போகிறான்.

மார்ச் 8, ஞாயிறு

வந்தான். மீன்களின் கடல் தண்ணீருக்காக வாளியில் உப்புக் கலந்தோம். பாறைகளை வெளியே எடுத்து, பல் கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த கையுறையைப் போட்டுக்கொண்டு, பல்செட் தேய்க்கிற பிரஷ்ஷாலேயே தேய்த்தேன்.

"பாறைக்கு வாய் இருந்தா ஆ காட்டுன்னு சொல்லுவ போல" என்று சிரித்தான். சோறு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாயங்காலம் போய்விட்டான். ஈரத் துண்டு நாற்காலியில் கிடக்கிறது. எடுத்து வைக்க மனசு வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

சனியன், மறுபடியும் முளைத்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது — சந்தோஷப்பட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறாக வந்தான். தண்ணீர் மாற்றும்போது தலையைத் தூக்காமலே சொன்னான்.

"உனக்கு எதுக்குக்கா இந்தப் பாடு? பாசி போகட்டும், சுத்தமானதும் மீன்கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாம். பேசிட்டேன்."

என்னைக் கேட்காமலே பேசியிருக்கிறான். என் நல்லதுக்குத்தான், தெரியும். பாசி போனால் தொட்டி போகும். தொட்டி போனால் அவன் எதற்கு வருவான்?

ஏப்ரல் 1, புதன்

தொட்டித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு அந்தத் தொட்டிமீன் கடைக்குப் போனேன். போன தடவை இதே ஆள் ஒரு மருந்தைத் தலையில் கட்டினார். பாசி அதையும் குடித்துவிட்டுத் தழைத்தது. இன்று தண்ணீரின் அழுக்கைக் காட்டும் சொட்டு மருந்தை அதில் விட்டுப் பார்த்தார். நிறம் மாறிய வேகத்தில் அவர் முகமும் மாறியது.

"தீனி எத்தனை தடவை போடுறீங்க?"

"ஒரு தடவை. எப்பவாச்சும் ரெண்டு."

"தின்னாத தீனியெல்லாம் அழுகி பாசிக்கு உரமாப் போகுதும்மா. பாசம் ஜாஸ்தியா வச்சா பாசந்தான் புடிக்கும்."

தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஒரு தடவையாம். யாரிடம் கதை விடுகிறேன்?

செருப்பைக் கழற்றியதும் ஒரு சிட்டிகை. டீ போடும்போது ஒன்று. டிவியை அணைத்ததும் ஒன்று. என்னைப் பார்த்ததும் கோமாளி மீன் இரண்டும் கண்ணாடிக்கு ஓடி வருகின்றன. இந்த வீட்டில் என்னைப் பார்த்து ஓடி வர வேறு யார் இருக்கிறார்கள்? ஓடி வந்ததைச் சும்மா எப்படி அனுப்புவது?

ஏப்ரல் 11, சனி

தீனியைக் குறைத்த வாரம். பாசி வெளுத்து இளகத் தொடங்கியிருந்தது. நாளைக்குத் தம்பி வருவான், பார்ப்பான், கடைக்காரரைக் கூப்பிடுவான்.

தீனியை ஒரு கை அள்ளிப் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தண்ணீர் கலங்கிக் கிடந்தது. தம்பி பாறையைத் திருப்பினான். பாசிக்கு அடியில், பொத்தான் பொத்தானாக விரியும் அவனுடைய உயிர்ப் பவளம். ஒற்றைப் பொத்தானாக வாங்கிவந்து பாறை முழுக்கப் படரவிட்டவன். பாதிக்கு மேல் மூடிக்கிடந்தது. ஓரத்தில் இருந்தவை கரைந்தே போயிருந்தன.

"இது போயிடும் போலக்கா" என்றான். பசிக்கவில்லை என்று சாப்பிடாமலே கிளம்பினான்.

ஏப்ரல் 13, திங்கள்

என்ன பொம்பள நான்? ஒருத்தன் வரணும்னு இன்னொரு உயிரைச் சாகடிப்பாங்களா? வாயத் தொறந்து வாடான்னு சொல்ல முடியல, பாசியை விட்டுக் கூப்பிடறேன். பாசி அவனைக் கூப்பிடும், அவன் கூப்பிட்டா நான் என்ன விஷயம்னு கேப்பேன். நல்லா இருக்குடி உன் கவுரவம்.

ஏப்ரல் 20, திங்கள்

தீனி ஒரே வேளை. விளக்கையும் சீக்கிரமே அணைக்கிறேன். மீன்கள் வந்து நிற்கின்றன. நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நானே தேய்த்துக்கொள்கிறேன், நீ அலையாதே என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன். சரிக்கா என்றான். உடனே சரி என்றான்.

மத்தியானம் தனியாகப் பாறைகளைத் தேய்த்தேன். சோறு மிஞ்சிவிட்டது. அளவு இன்னும் கைக்கு வரவில்லை.

மே 9, சனி

பிரஷ் பட்டதும் பாசி கையோடு வருகிறது. வேர்விட்டுப் பிடித்த பிடி தளர்ந்துவிட்டது. மிச்சத்தைத் தொட்டி நத்தைகள் மேய்கின்றன.

மே 24, ஞாயிறு

ஒரு பொத்தான் விரிந்திருக்கிறது! சட்டைப் பொத்தானைவிடச் சிறிசு, நடுவில் ஆரஞ்சு. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மீன்களிடம் சொன்னேன்.

மே 31, ஞாயிறு

தம்பி வந்தான், பார்க்க. கண்ணாடி கண்ணாடியாக இருந்தது. பவளத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து விரிந்ததையெல்லாம் கண்ணாடிமேல் விரல் வைத்து எண்ணினான்.

"கடைக்காரருக்குச் சொல்லிடவாக்கா?"

"வேணாம். தொட்டி இங்கயே இருக்கட்டும்."

"உனக்கு வேலைதானேக்கா?"

"இருக்கட்டும்." அப்புறம் சொன்னேன். "வேலை இல்லன்னாலும் வா. சும்மா வா. அன்னைக்கி கலங்கி இருந்துச்சே — அது நான் வேணும்னே போட்ட தீனிடா. சுத்தமாயிட்டா நீ வரமாட்டன்னு."

கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"நீ சும்மா வான்னு சொன்னதே இல்லையேக்கா" என்றான். "போன் பண்ணாலே என்ன விஷயம்னுதான் கேப்ப. விஷயம் இல்லாம எப்படிப் பண்றது? மீனைச் சொல்லித்தான் பண்ணுவேன்."

ஜூன் 7, ஞாயிறு

வரவில்லை. சும்மா என்றால் எப்போது வேண்டுமானாலும் என்றுதானே? மீன்களுக்கு ஒரு வேளைதான் போட்டேன்.

ஜூன் 10, புதன்

கூடத்தில் மெழுகு உருக்கிக்கொண்டிருக்கும்போது போன். தம்பி. 'என்ன விஷயம்' வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சொல்லுடா" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

மெழுகு கையிலேயே ஆறிவிட்டது. அவன் மீன்களைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.