செவ்வந்தியிடம் சொன்னது

கிணத்துக்கடவு தோட்டம்
12.9.1999

அன்பு நந்திதா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். பீளமேடு பள்ளிக்கூடத்தில் நான் ஆறாம் வகுப்புக்குப் பூச்சிமருந்துப் பாடம் எடுத்தபோது கதிரேசன் என்று ஒரு பையன் எழுந்து, "டீச்சர், பூச்சி செத்ததுக்கு அப்புறம் அந்த மருந்து எங்கீங்க போகும்?" என்று கேட்டான். மண்ணோடு மண்ணாகிவிடும் என்று சொல்லி உட்கார வைத்தேன். அந்தக் கதிரேசன் இப்போது நம் தோட்டத்திலிருந்து நாலு மைல் தள்ளி மருந்தே அடிக்காமல் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறான். தேங்காயைச் சுருங்க வைக்கும் சிலந்திப் பூச்சி விழுந்த மரங்கள் தேறாததால் புதுத் தென்னம்பிள்ளை வாங்கிவரச் சொல்லி அப்பா போன புதன்கிழமை என்னை அனுப்பினார், அங்கே நடந்ததைத்தான் எழுத வேண்டும், பொறுமையாகப் படி.

பண்ணையைச் சுற்றிக் கம்பியில்லை, கிளுவை வேலிதான், அதில் புல்புல் குருவி கூடு கட்டியிருந்தது. காய்ந்த மட்டைகளைக் கீரி தங்குவதற்காகக் குவித்து வைத்திருக்கிறான், ஆந்தை உட்கார நாற்றங்கால் நடுவே கொம்பு நட்டிருக்கிறான், புற்றை இடிக்கவில்லை. வாசலில், 'பாம்பு உண்டு, பார்த்து நடக்கவும்' என்று பலகை. நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "சாரைங்க டீச்சர், எலி புடிக்கிற ஆளு, கூலியும் கேக்காது லீவும் கேக்காது" என்று சிரித்தான். எங்கு பார்த்தாலும் தேனீ இரைச்சல். நம் தோட்டத்தில் தை மாதத்திலிருந்து ஒரு அணில் சத்தம்கூட இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நிழல்வலைக்குக் கீழே பாலித்தீன் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள் செவ்வந்தி, நமக்குத் தேங்காய் பறித்த சின்னானின் மகள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர், அம்மிணி எப்படீங்க இருக்காங்க?" என்று உன்னைத்தான் முதலில் விசாரித்தாள்.

சின்னான் தைப்பொங்கலுக்கு முன்னால் மரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார் என்று மட்டும் உனக்கு எழுதியிருந்தேன். மீதியை எழுதவில்லை. மார்கழியில் அப்பா சிலந்திப் பூச்சிக்காக நாற்பது மரங்களுக்கு வேரில் மருந்து கட்டினார், வேரைச் சரிவாகச் சீவி மருந்துப் பையில் விட்டுக் கட்டினால் மரமே உறிஞ்சிக்கொள்ளும். சொன்ன அளவு போதாதென்று மூன்று பங்கு ஊற்றினார். நாற்பத்தைந்து நாளைக்கு அந்த மரத்தில் இளநீர்கூட வெட்டக் கூடாது, அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்து வைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா, வருஷா வருஷம் செய்வதுபோலப் பொங்கலுக்கு எல்லா மரத்துக்கும் அடிப்பகுதியில் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போடச் சொன்னேன். வெள்ளை மேல் வெள்ளை. கரும்பலகை முழுவதும் சுண்ணாம்பைப் பூசினால் அதில் எழுதியிருந்தது எங்கே தெரியும்? நாற்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்கு அது தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்துச் சின்னான் வந்தார், பழனிக்கு மாலை போட்டு ஒருவேளைச் சாப்பாட்டில் இருந்தார். எந்த மரம் என்று யோசிக்காமல், பசிக்கு இளநீர் வெட்டிக் குடியுங்கள் என்று நான்தான் சொன்னேன். மூன்று குடித்தார். நாலாவது மரம் ஏறும்போது கண் இருட்டுகிறது என்றார், வாயில் எச்சில் வழிந்தது, விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கூடியவர்களிடம் அப்பா, "காலையிலயே ஏத்திட்டு வந்துட்டானாட்டம் இருக்குது" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. சாயங்காலம் அவர் இளநீர் வெட்டிய மரத்தடி மண்ணைக் காலால் ஒதுக்கிப் பார்த்தேன், வேரில் மருந்துப் பை இருந்தது. அந்த மருந்துதான் தள்ளியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது கண்ணு, யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அவர் சாராயம் குடித்திருக்கவில்லை என்று சத்தியம் செய்வேன், சொம்பு நீட்டுகிற நெருக்கத்தில் நின்று பேசியவள் நான், வாடையே இல்லை. மாலையோடு குடித்தான், முருகன் தள்ளிவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேசியது, டீக்கடையில் இன்னும் பேசுகிறது.

செவ்வந்தியிடம் தென்னம்பிள்ளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் உன்னை விசாரித்த பிறகு முடியவில்லை. கதிரேசனையும் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கை மட்டும் மண்ணை அள்ளி அள்ளி நிரம்பிய பையிலேயே போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்டாள், "எட்டு மாசமாச்சுங்களே டீச்சர். அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா எங்கப்பன மாலையோட பொதச்சிருப்பமுங்களே." குடித்த உடம்பு, தீட்டு என்று சொல்லி அவர் கழுத்து மாலையைக் கழற்றி வாய்க்காலில் எறிந்துவிட்டுத்தான் புதைத்தார்களாம், கழற்றியது அவள் அம்மா மாசாணியம்மாளாம். கதிரேசன் தென்னம்பிள்ளைகளை வண்டியில் ஏற்ற வந்தான், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதற்கு அப்பா, "செத்தவன் திரும்பி வரப்போறானா, உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று சொல்லிவிட்டு மூன்று நாளாகப் பேசவில்லை. கடிதம் உன் கைக்கு வந்துசேர நாள் விட்டு, அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை மாசாணியம்மாள் வீட்டுக்கும், அங்கிருந்து டீக்கடைக்கும் போய்ச் சொல்லப் போகிறேன். ஆனால் குடித்தான் என்றது அப்பாவின் வாய், அதைத் திருப்பி எடுக்க வேண்டியதும் அதே வாய்தான். நான் மட்டும் போனால், பொம்பளைக்கு மனசு கேட்கவில்லை, பூசி மெழுகுகிறாள் என்றுதான் ஊர் சொல்லும். அவர் உன் பேச்சுக்குத்தான் கொஞ்சமாவது இறங்குவார்.

குழந்தைக்குச் சளி என்றாயே, துளசியும் மிளகும் தட்டிப் போட்டுக் கொடு, ராத்திரியில் தலைக்கு ஊற்றாதே. மூவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம், "வெள்ளிக்கிழமை அம்மா கூடப் போவீங்களாப்பா?" என்று மட்டும் கேள், கேட்டுவிட்டு அவர் பேசும்வரை ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு பேசாமல் இரு.

உன் அம்மா,
சாமியாத்தாள்