அந்த மூணை யார் தின்னது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பெண்டாட்டியும் உன் மகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே திடமாக இரு, இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்க உனக்குத் தெம்பு வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு மீட்டிங் என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் பெட்டி. நீ அனுப்பிய புதுப் பெட்டி வந்து சேர்ந்தது. கூரியர்காரன் மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே மறுபடியும் டைனோசரா பாட்டி என்று கேட்கிறான், நம் வீட்டு மானம் அந்த அளவுக்கு ஏறியிருக்கிறது. நான் பிரிக்கவில்லை, பிரிக்கவும் விடமாட்டேன். உன் கம்பெனி செய்கிற கணக்குப் பொம்மை டைனோசர்களில் ஏற்கெனவே வந்த கூட்டமே கட்டிலுக்கு அடியிலும் குளியலறை வாளியிலும் என் செருப்புக்குள்ளும் படுத்துக்கிடக்கிறது. அந்த மூணு கொம்பனை மிதித்து என் உள்ளங்காலில் பட்ட தடம் இன்னும் போகவில்லை. உன் கம்பெனிக்காரர்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டிலேயே கணக்கு வந்துவிடுகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்ளட்டும், நம் வீட்டில் என்ன வந்தது என்று நான் சொல்கிறேன் கேள்.

உன் மகள் வாலுவின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். உன் பெண்டாட்டி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வர முடியாது, நான்தான் போனேன். அந்த டீச்சர் என்னைப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்காரச் சொன்னாள், முட்டி தாடையில் இடித்தது, அதையும் நான் மறக்கப்போவதில்லை. அப்புறம் உன் மகளை என் முன்னாலேயே நிறுத்தி, ஏழிலே மூணு போனால் எவ்வளவு என்று கேட்டாள். இவள் பதறவே இல்லை, அந்த மூணை யார் தின்னது மிஸ் என்று கேட்டாள். யாரும் தின்னவில்லை, சும்மா போய்விட்டது என்றாள் டீச்சர். அப்படின்னா ஏழுதான் மிஸ், மூணும் எங்கயாச்சும் மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும் என்று சொல்லிவிட்டு இவள் என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு முட்டியது, டீச்சர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். கூட்டல் எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வருகிறதாம், கழித்தல் என்று வந்தால் பிள்ளை கல்லு மாதிரி நிற்கிறதாம், அடுத்த மாதப் பரீட்சையிலும் இப்படியே நின்றால் இன்னொரு வருஷம் இதே வகுப்பில்தான் என்று சொல்லிவிட்டாள். அதையும் பிள்ளையை வைத்துக்கொண்டே சொன்னாள், புத்தி கெட்டவள். வீட்டுக்கு வரும் வழியில் வாலு, டயர் கடை தாண்டும்போது, தையல்காரர் மகள் மேல் வகுப்புக்குப் போய்விட்டால் என் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டாள். பதில் சொல் பார்ப்போம்.

இதே பிள்ளைதான் நீ கேட்டாய் என்று நாங்கள் எடுத்து அனுப்பிய வீடியோவில் புலி. பாயை விரித்து, ஏழு நெட்டைக்கழுத்து டைனோசர்களை வரிசையாக நிறுத்தி, மற்றதை எல்லாம் தின்கிற அந்தக் குட்டைக்கையன் வந்து மூணைத் தின்றுவிட்டது என்றால், மீதி நாலு என்று கண்ணை மூடி முழிப்பதற்குள் சொல்லிவிடுகிறாள். அதை நீ உன் மேலாளரிடம் போட்டுக் காட்டினாய், எல்லோரும் கை தட்டினார்கள் என்று எனக்கே போன் பண்ணிப் பீற்றிக்கொண்டாய். கை தட்டினவர்களில் ஒருத்தனாவது தின்னுவதற்கு ஆள் இல்லாத கணக்கு ஒன்று கேட்டானா?

சரி, தின்னுகிறவன் இருந்தால்தானே இந்தத் தொல்லை என்று குட்டைக்கையன்கள் எல்லாவற்றையும் பொறுக்கிப் பரண்மேல் இருக்கிற பழைய மிக்ஸி ஜாரில் போட்டு மூடிவிட்டேன். துணி மாட்டுகிற கிளிப்புகளை வரிசையாக வைத்தேன். ஏழு. மூணை எடுத்து என் மடியில் போட்டுக்கொண்டு இப்போது எவ்வளவு என்றேன். ஏழு, உன் மடியிலதான இருக்கு பாட்டி என்கிறாள். மறுநாள் மூணைக் கொண்டுபோய் மாடிப்படியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன். படியில இருக்கு, ஏழுதான் என்கிறாள். நான் கத்தினேன், அவள் அதற்கு மேல் கத்தினாள், கீழ் வீட்டுக்காரி வந்து என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனாள், அவள் வீட்டில் நடக்காததா. உன் பெண்டாட்டி வேலையிலிருந்து வந்து விடுங்க அத்தை என்றாள். நீ பீரோவை எந்தச் சுவர் ஓரம் போடுவது என்று எங்கள் இருவரையும் கேட்ட நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை, அன்றைக்கு நான் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் விஷயம் வெளியே வந்தது. சாப்பிடத் தட்டு எடுத்து வைப்பது வாலுவின் வேலை. நீ போன பிறகும் அவள் நாலு தட்டுதான் வைக்கிறாள். பழக்கதோஷம் என்று நினைத்து நானும் பேசாமல் ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்துவிடுவேன். அன்றைக்கு எனக்குக் கிளிப் கோபம் ஆறவில்லை. மூணு பேர்தானே இருக்கிறோம், ஒரு தட்டை எடுத்து உள்ளே வை என்றேன். நாலு பேர் என்றாள். எப்படி நாலு என்றேன். அவள் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "அப்பாவ யாரும் தின்னலையே பாட்டி" என்றாள். உன் பெண்டாட்டி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. நீ வேலைக்கு வெளியூர் கிளம்பிய அன்று ஒரு காலில் ஷூ, மற்றது கையில், கயிறு அறுந்துவிட்டது என்று வாசலில் நொண்டிக்கொண்டு நின்றாய். இரண்டாவது பொத்தான் இல்லாத நீலக் கட்டம் போட்ட சட்டை, தைத்துத் தருகிறேன் என்று நான் சொல்லியும் போட்டுக்கொண்டாய். பிள்ளை உன் காலைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நான் அடுப்படியில் இருந்தேன், என் காது கேட்காது என்று நினைத்தாயோ என்னவோ. "அழாதடா செல்லம், அப்பாவ எந்த டைனோசராச்சும் தின்னுதா? யாரும் தின்னலன்னா எண்ணிக்கை குறையாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அவள் அந்த நிமிஷமே அழுகையை நிறுத்தினாள். நீயும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி படியிறங்கிப் போனாய்.

டீச்சர் சொல்லிக்கொடுத்தது அவள் மண்டையில் ஏறவில்லை என்றா நினைக்கிறாய்? ஏறித்தான் இருக்கிறது. ஏழில் மூணு சும்மா போனாலும் குறையும் என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால், நாலில் ஒன்று போனாலும் குறையும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். பெரியவங்க நீங்க சொன்னாக் கேட்பா அத்தை, எடுத்துச் சொல்லுங்க என்று உன் பெண்டாட்டி என்னைத் தள்ளிவிடுகிறாள். நான் சொல்ல மாட்டேன். நீ அவிழ்த்துவிட்ட பொய்யை நான் எதற்குக் கட்ட வேண்டும்? பிள்ளை என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள், என் பேத்தி, அவளுக்கும் ஞாபகம் இருக்கும்.

லீவு இல்லை என்று எழுதாதே. என் கண் ஆபரேஷனுக்கும் லீவு இல்லை என்றாய், நீ வருவதற்குப் பதிலாகப் பேசுகிற கடிகாரம் ஒன்று வந்தது, அது இன்னும் மணிக்கு மணி யாரோ பொம்பளைக் குரலில் கத்திக்கொண்டிருக்கிறது. இப்போதும் உன் புத்தி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், நீ என் வயிற்றில் பிறந்தவன். யாரும் தின்னாமல் தானாகவே நடந்து போகிற டைனோசர் ஒன்று செய்து அடுத்த பெட்டியில் அனுப்பலாம் என்று தோன்றும். அனுப்பினால் கூரியர்காரனைப் படியிலேயே திருப்பிவிடுவேன். பரீட்சைக்கு முன்னால் நீ வா. தரையில் உட்கார், பாயை விரி, அப்பா போனது போனதுதான், வீட்டில் ஒன்று குறைந்ததும் குறைந்ததுதான் என்று உன் வாயாலேயே அவளிடம் சொல். அழுவாள், அழட்டும், நீ கிட்டே இருப்பாய். திரும்பி வந்தால் கூட்டிக்கொள்ளலாம் என்பதை நீ சொல்லித்தர வேண்டியதில்லை, கூட்டல் அவளுக்கு நன்றாகவே வருகிறது.

நீ வரும்வரை வீடியோ கிடையாது, உன் பெண்டாட்டியிடம் ரகசியமாகக் கேட்டும் பார்க்காதே, அவளும் என் கட்சிதான் இப்போது. மிக்ஸி ஜார் விஷயத்தைப் போனில் பிள்ளையிடம் உளறிவைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, அறுந்த கயிற்றோடு அலையாதே. கோபத்தில் எழுதினாலும் பெற்றவள் வாழ்த்து வாழ்த்துதான், ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
நாலாவது தட்டை இனிமேல் திரும்ப எடுத்து வைக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிற
உன் அம்மா