மிட்டிக்கா என்று கூப்பிட்ட குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

கண்வலி குறைந்ததா? நாய்கள் நலமா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே அருங்காட்சியகத்தில், நம் பாலைவனத்து விலங்குகளின் தோல்களுக்கு நம் மொழிப் பெயர்களை எழுதிவைப்பதுதான் என் வேலை. செவ்வாய்க்கிழமை, கூட வேலை செய்யும் ரோவினா ஒரு பழைய ஒலிநாடாவைப் போட்டாள். நான் பிறப்பதற்கு முன் பதிவானது. பேசியது, மறைந்த அப்பா; இதே தோல்களைப் பார்த்து ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லியிருந்தார்.

"நினு, வயுட்டா, வல்புட்டி" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியாக ஒரு தோல் மிஞ்சியது. முயல் அளவு, கண் இருந்த இடத்தில் பஞ்சு.

"மிட்டிக்கா. இது நம்ம பக்கம் இப்ப இல்லவே இல்ல. கூப்பிட்டாலும் வராது. மிட்டிக்கா!" என்றார் நாடாவில்.

அவர் எனக்கு வைத்த செல்லப்பெயர் அல்லவா? பழக்கத்தில், "இதோ வந்துட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, "வந்துட்டியா?" என்றார். அத்தோடு நாடா முடிந்தது.

"யாருகிட்டடி கேக்குறாரு? திருப்பிப் போடட்டுமா?" என்றாள் ரோவினா. வேண்டாமென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பயப்படாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் உலர்ந்த மங்கட்டாப் பழமும் என் பழைய கம்பளியும் கொடுத்தனுப்புங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். போனில் இனி என்னை மிட்டிக்கா என்று கூப்பிடாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அம்மா, நீங்களும் கூப்பிடாவிட்டால் அவர் மட்டும்தானே கூப்பிடுவார்?

உங்கள் மகள்,
செலினா