ஏழு மணி ஜூஸ், எட்டு மணி டீ

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நுனியில் பீட்ரூட் சிவப்பு அப்படியே நிற்கிறது. மிக்ஸி ஜாரைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. ஜூஸையும் மூக்கைப் பிடிக்காமல் குடித்து முடித்துவிட்டேன். மணி ஏழு பத்து. எட்டு வரை டீ கிடையாது என்பது நீ போட்ட சட்டம். கீழே டீக்கடையில் இஞ்சி தட்டும் சத்தம் கேட்கிறது. மிச்சமிருக்கும் ஐம்பது நிமிடத்தை எப்படி ஓட்டுவது என்று தெரியாமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ இருந்திருந்தால், "எழுத வேற ஆளு கெடைக்கலையாக்கும்" என்று கேட்டிருப்பாய்.

ஊரில் இருந்திருந்தால் நாம் சந்தித்தே இருக்க மாட்டோம். நீ மதுரை, நான் கும்பகோணம். உன் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, என் வீட்டுக்காரருக்கு மத்திய அரசு ஆபீஸ். இரண்டு பேரையும் மாற்றல் உத்தரவுதான் வங்காளிகள் ஊரில், பெஹாலாவில் இந்த லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. நான் இரண்டாம் மாடி, நீ மூன்றாம் மாடி. வந்த புதிதில் உன் சாம்பாரில் வெல்லம் இல்லை என்று நானும், என் சாம்பாரில் உறைப்பே இல்லை என்று நீயும் முறைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு முறைக்க நேரமில்லாமல் போய்விட்டது.

ஏனென்றால் அந்த வருடம் எனக்குப் படியேற முடியவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வர முடிந்தது. கர்ப்பப்பையில் கட்டி, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. பவானிபூரில் பார்த்த டாக்டர் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றார். ஆனால் உடம்பில் ரத்த அளவு ஏழரைதான் இருக்கிறது, குறைந்தது பத்து ஆனால்தான் கத்தியை எடுப்பேன் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லி அழுதேன். நீ முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "பத்துதான கேக்குறாரு? குடுத்துருவோம்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கதவைத் தட்டினாய். கையில் ஒரு பெரிய கண்ணாடி டம்ளர், நிறையச் சிவப்பு. இரண்டு கேரட், அரை பீட்ரூட், ஒரு நெல்லிக்காய், ஒரு துண்டு இஞ்சி, ஒரு கைப்பிடி கொத்தமல்லி. மிக்ஸியில் அடித்து, வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து வடிகட்டியிருந்தாய். மண்ணைக் கரைத்துக் குடித்தது போலிருந்தது எனக்கு. அதைச் சொன்னதும், மறுநாளிலிருந்து இந்த ஊர் வாசனை எலுமிச்சையான கந்தராஜில் நாலு சொட்டு பிழிந்துகொண்டு வந்தாய். அந்த மணத்துக்காக மட்டும் உன்னை மன்னித்தேன். வடிகட்டிய சக்கையை நீ வீணாக்கவில்லை. சப்பாத்தி மாவில் பிசைந்து உன் வீட்டுக்காரருக்கு ரோஜா நிறத்தில் சப்பாத்தி சுட்டுப் போட்டாய். பாவம், அவர் அதையும் சாப்பிட்டார்.

தினமும் நீ பீட்ரூட் வாங்குவதைப் பார்த்துவிட்டு, மார்க்கெட்டில் காய்காரர் உன்னிடம், பௌதி, அதாவது அண்ணி, எந்தத் தெருவில் சாப் கடை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாராம். பீட்ரூட்டை மசித்துப் பொரிக்கும் சாப்பை விட்டால் அதை வேறு எதற்கு வாங்குவார்கள் என்பது அவர் நினைப்பு. நீயும் சளைக்காமல், கடை திறந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாய்.

ஒரு மாதம் இப்படி நடந்தது. ரத்தத்தைச் சோதித்தால் ஏழே முக்கால். உன் முகம் விழுந்த விதத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. டாக்டர், மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்: ஜூஸோடு மாத்திரை, ஜூஸின் ருசி போக உடனே சுடச்சுட ஒரு டம்ளர் டீ. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவே விடாதாம். நெல்லிக்காய் ஒரு பக்கம் சேர்த்துவிட, டீ மறுபக்கம் தட்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ரத்தத்தை ஏற்றுவது மாத்திரைதான், ஜூஸ் அதற்குத் துணை மட்டுமே என்றும் சொன்னார். உன் ஜூஸைத் துணை என்று சொல்லிவிட்டாரே என்று வீடு வந்து சேரும் வரை நீ அவரைத் திட்டிக்கொண்டே வந்தாய்.

எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. அறுவை சிகிச்சை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது. அதுவரை இந்த உடம்பு தாங்குமா என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பயந்தேன். காலை டீயை நிறுத்தவும் என்னால் முடியாது என்று தோன்றியது. அப்போதுதான் நீ அந்தச் சட்டத்தைப் போட்டாய். "ஏழு மணிக்கு ஜூஸ், எட்டு மணிக்குத்தான் டீ. அதுவரைக்கும் நானும் தொட மாட்டேன். போதுமாடி?"

டீ இல்லாவிட்டால் கண்ணே திறக்காத ஆள் நீ. நான் நம்பவில்லை. தினமும் வந்ததும் வாயைத் திற என்று போலீஸ்காரி மாதிரி மோந்து பார்த்தேன். கொத்தமல்லி வாசம்தான் வந்தது. ஜூஸ் போட்டுவிட்டு வருகிறாய், பின்னே வேறென்ன வாசம் வரும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரம் நாம் என் பால்கனியில் உட்கார்ந்திருப்போம். நீ பட்டாணி உரிப்பாய். முந்தின நாள் பார்த்த சீரியலின் கதையை, பிடிக்காத இடங்களையெல்லாம் உன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லுவாய். கீழே டீக்கடையிலிருந்து மணம் ஏறி வரும்போது கண்ணை மூடி இழுத்துவிட்டு, "இதையாச்சும் அந்த டாக்டரு விட்டு வச்சாரே" என்பாய். ஏழே முக்காலுக்குக் கடிகாரம் நின்றுபோய்விட்டதா என்று எழுந்து போய்ப் பார்ப்பாய். எனக்காக ஒருத்தி இவ்வளவு படுகிறாளே என்ற வெட்கத்தில்தான் நான் அந்த இரண்டு மாதமும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பத்தேகால் வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் டீ குடிக்கலாம் என்று சொன்ன அன்றைக்கு நீ ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டு வந்தாய். முதல் வாயைக் குடித்துவிட்டு, "வெள்ளன டீ குடிச்சு எத்தனை நாளாச்சுடி" என்று கண் கலங்கினாய். நானும் உன்னோடு சேர்ந்து அழுதேன்.

போன துர்கா பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது நெஞ்சு வலி என்று போனவள் நீ திரும்பவில்லை. அதைப் பற்றி இன்று எழுத மாட்டேன். அதற்குப் பின் ஒரு காலையில் மேலே உன் வீட்டுக்கு வந்ததை மட்டும் சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் அண்ணன் அடுப்படியில் நின்றிருந்தார். டீ போடட்டுமா என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தார், ஏழரை. ஒங்களுக்கு எட்டு மணிக்குத்தான தங்கச்சி என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அவ அஞ்சரைக்கே ஒரு டம்ளர் நெறையக் குடிச்சுட்டுத்தாம்மா எறங்குவா. ஏலக்கா போட்டுறாதீங்க, வாசம் வந்துரும்னு எங்கிட்டச் சொல்லுவா. போறப்ப ரெண்டு கொத்தமல்லிய வாயில போட்டு மென்னுக்குவா."

துக்க வீடு என்றுகூடப் பார்க்காமல் நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். உன் படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மோசக்காரி, ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணீர் வேறு.

கீழே இறங்கி வந்து பால்கனியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டீக்காகக் காத்திருப்பதால்தான் நீ என்னோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உனக்குக் காத்திருக்க எதுவுமே இல்லை. மேலே அத்தனை வேலையும் அப்படியே கிடக்க, நான் பயந்துபோய்த் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகத் தினமும் ஒரு மணி நேரம் வந்து கடிகாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தாய்.

மாத்திரை நின்று வருடங்களாகிவிட்டன. எட்டுக்கு முன்னால் டீ குடித்தால் இப்போது கேட்பாரில்லை. ஒரு நாள் ஏழேகாலுக்குக் குடித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை, வைத்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மணி எட்டடிக்கிறது. எழுந்து போய் டீ போடுகிறேன். இன்றைக்கு ஏலக்காய் நிறையத் தட்டிப் போடப்போகிறேன்.