பேட்டரி மேல் போட்ட பழி

அக்கா,

இன்று காலை தேன்கனிக்கோட்டை ரோட்டில் மேடு ஏறும்போது, ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னத் திரை 'பேட்டரி குறைவு' என்று காட்டியது. உங்கள் பவர் மீட்டருக்குத்தான். பெடல் தண்டில் ஒட்டிக்கொண்டு, கால் எவ்வளவு வலுவாக மிதிக்கிறது என்று வாட்ஸில் சொல்லுமே, அதை நீங்கள் போன பிறகு என் சைக்கிளில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பேட்டரியை மாற்றினேன். அதற்கு உயிர் வந்துவிட்டது. உடனே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. அளவு பிசகினால் முதலில் கருவியைச் சந்தேகப்படுவதுதான் நம் பிழைப்பே. ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்புவீர்கள். அஞ்செட்டிப் பக்கத்து ஏற்றத்தில் உங்கள் முதுகைப் பார்த்தே பழகியவள் நான். ஒரு மழைக்காலத்தில் நீங்கள் பின்தங்கத் தொடங்கினீர்கள். வாட்ஸும் வாராவாரம் இறங்கியது.

"பேட்டரி செத்துப்போச்சுடி," என்றீர்கள். புதிது போட்டோம். ஒன்றும் மாறவில்லை.

"அப்ப தண்ணி எறங்கியிருக்கும்." மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினோம். அப்போதும் அதே கதைதான்.

கடைசியில் எடைக்கல்லைக் கட்டிப் பெடலில் தொங்கவிட்டுப் பார்த்தோம். திரும்பத் திரும்பச் சரியான அளவையே காட்டியது. அத்தனை வருட வெயிலுக்கும் மழைக்கும் அது இம்மியும் பிசகவில்லை.

"மீட்டர் நல்லாத்தான் இருக்குக்கா."

"அப்ப கெட்டுப்போனது யாருடி?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இருவருக்குமாக லீவு சொன்னேன்.

மறுநாள் கிருஷ்ணகிரியில் ரத்தம் சோதித்தார்கள். "முன்னாடியே வந்திருக்கலாமேம்மா," என்றார் டாக்டர். பஸ் ஸ்டாண்டில் நான் தேம்பிக்கொண்டு நிற்க, நீங்கள் என் முதுகைத் தடவி, "அழுவாதடி. அது பாவம், ஒழுங்காத்தான் சொல்லிட்டிருந்துச்சு," என்றீர்கள். நோயும் உங்களுக்கு, ஆறுதல் சொல்லும் வேலையும் உங்களுக்கா? எனக்குக் கோபம்கூட வந்தது.

மருந்து கொஞ்ச காலம் கொடுத்தது. அந்த நாட்களில் ஏற்றங்களை விட்டுவிட்டு ஏரிக்கரை வரை மட்டும் ஓட்டினோம். திரையில் வரும் சின்ன எண்ணைப் பார்த்து, "இன்னிக்கு இதான் நானு," என்று சந்தோஷமாகச் சொல்வீர்கள். அந்தக் குரல் என்னை விட்டுப் போகவே இல்லை.

உங்கள் மேசையில் இப்போது மத்தூரிலிருந்து வந்த ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம், "இந்த கேஜ் ஒவ்வொரு தடவையும் வேற வேற காட்டுதுக்கா," என்று கையிலிருந்த அளவுக் கருவியை நீட்டினாள். பழக்கதோஷத்தில் கேஜை வாங்கப் போனேன். வாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், நெருப்பாய்ச் சுட்டது.

"கேஜ் கெடக்குது, அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன். "எத்தன நாளா காய்ச்சல் கண்ணு உனக்கு?"